சிற்றலைக்குச் சிக்கன வழி

"கைபேசிக்குள் உலகமே அடங்கியிருக்கிறது, நீ வானொலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடுகிறாயே, உனக்கு என்ன பித்தா?" என்று உணவுக்கூடத்தில் என்னைக் கேட்காத தமிழ் நண்பர் இல்லை. அப்படிக் கேட்டவர்களில் மூவர் இப்பொழுது என்னுடன் மாடிக்கு வருகின்றனர். வேறு நால்வர், "எவ்வளவு செலவாகும்? எதை வாங்கலாம்?" என்று கேட்டிருக்கின்றனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூறுவதைவிட மன்ற மலரில் எழுதிவிடுவது மேல் என்று தோன்றிற்று. நான் பட்ட செலவை நீங்களும் படவேண்டா என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் என் தந்தையார் மிதிவண்டிக் கடை வைத்திருக்கிறார். இரவு ஒன்பதே கால் மணி ஆனால் எங்கள் வீட்டில் எவரும் பேசக்கூடாது. இலண்டனிலிருந்து பி.பி.சி.யின் 'தமிழோசை' வரும் நேரம் அது. 1941-இல் தொடங்கிய அந்த ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் நாளோடு சிற்றலையில் நின்றுவிட்டது. அன்றிரவு அப்பா பெட்டியை அணைத்தார், துணியால் துடைத்தார், அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். பிறகு அதை எடுக்கவேயில்லை.

வங்காளத்துக்குப் படிக்க வந்த இரண்டாம் ஆண்டில், உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணம் ஒன்பதாயிரம் ரூபாய் என் கையில் இருந்தது. சிற்றலையில் தமிழ் இன்னும் எங்கேனும் ஒலிக்கிறதா என்று தேடிப் பார்த்து, கிடைத்தால் அப்பாவுக்குச் சொல்லவேண்டும் என்பது என் ஆசை. கல்கத்தாவின் சாந்தினி சந்தைக்குப் போனேன். இருப்பதிலேயே பெரிய பெட்டியாகப் பார்த்து வாங்கினேன். அறைக்கு வந்து திருப்பினால் ஒரே இரைச்சல்! ஆடி மாதத்து மழை ஓட்டின்மேல் கொட்டுவது போன்ற இரைச்சல். மறுவாரம் ஆயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்து 'ஏரியல் பூஸ்டர்' என்ற ஒரு கருவியையும் வாங்கி மாட்டினேன். இரைச்சல் இருமடங்காயிற்று. "சிற்றலை செத்துவிட்டது" என்று நண்பர்களிடம் தீர்ப்புக் கூறிவிட்டு, அப்பாவிடமும் தொலைபேசியில் அப்படியே சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி:

"கம்பி கட்டினியா தம்பி?"

எங்கள் வீட்டுக் கொல்லையில், தென்னைமரத்திலிருந்து கூரை முகடு வரைக்கும் ஒரு செப்புக் கம்பி உண்டு. துணி உலர்த்தும் கொடி என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அதில் துண்டைப் போடப்போனால் அப்பா திட்டுவார். ஏன் திட்டுகிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒன்பதாயிரம் செலவழித்த பிறகு அந்தக் கம்பியின் பொருள் விளங்கிற்று.

'சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்' என்பது பழமொழி. சிற்றலைக் கலையில் ஏரியலே சட்டி. பெட்டி வெறும் அகப்பை. நான் வெள்ளி அகப்பையை வாங்கி வெறும் சட்டியில் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன்!

அலை வரும் வழி

பெட்டியையும் கம்பியையும் தேர்ந்தெடுக்குமுன் அலை எப்படி வருகிறது என்பதைச் சிறிது அறிந்துகொள்வோம். 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளையே சிற்றலை என்கிறோம். 300 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைத்துவிடும். 9.6 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஏறத்தாழ 31 மீட்டர். '31 மீட்டர் வரிசை', '25 மீட்டர் வரிசை' என்ற பெயர்கள் இப்படி வந்தவையே.

பூமியோ உருண்டை, அலையோ நேர்கோட்டில் செல்வது. அப்படியானால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி அது எவ்வாறு வருகிறது? மேலே, வானத்தில், கதிரவன் ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்குகள் உள்ளன. அவை சிற்றலையை வளைத்து மீண்டும் தரைக்கு அனுப்பிவிடுகின்றன. அத்தகைய அடுக்கு இருக்கவேண்டும் என்று 1902-இல் கென்னலி, ஹெவிசைடு என்ற இருவரும் தனித்தனியே கூறினர். 1924-இல் ஆப்பிள்டன் அதைச் சோதனையால் மெய்ப்பித்தார். 1947-இல் நோபல் பரிசும் பெற்றார். நாம் வந்து தங்கியிருக்கும் இவ்வங்க நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. கல்கத்தாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சிசிர் குமார் மித்ராவும் அவருடைய மாணவர்களும் இவ்வடுக்குகளை ஆராய்ந்தவர்கள். 1947-இல் வெளிவந்த மேல்வளிமண்டலம் பற்றிய அவருடைய நூலை உலகெங்கும் அறிஞர்கள் கையாண்டனர்.

இவ்வடுக்குகளில் மிகத் தாழ்ந்தது பகலில் மட்டும் இருப்பது. அது அலையைத் திருப்பாமல் விழுங்கிவிடும். அதிலும் குறைந்த மெகாஹெர்ட்ஸ் அலைகளையே மிகுதியாக விழுங்கும். இரவில் அது மறைந்துவிடுகிறது. ஆகவே பகலில் 19, 16, 13 மீட்டர் வரிசைகளையும், இரவில் 49, 41, 31 மீட்டர் வரிசைகளையும் தேடவேண்டும். 25 மீட்டர் இரண்டுக்கும் இடைப்பட்டது. காலை விடியும் வேளையும் மாலை மங்கும் வேளையும் மிக நல்லவை. நண்பகலில் 49 மீட்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெட்டி பழுது" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகவேண்டா.

கதிரவனின் கொதிப்பும் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறி இறங்குவது. 2024-ஐ ஒட்டி அது உச்சத்தை எட்டிற்று. இனி அது தணியத் தணிய, 16, 13 மீட்டர் வரிசைகள் மெலிந்து, 31-உம் 41-உம் நமக்குத் துணைநிற்கும். இதை நினைவில் வைத்துக்கொண்டால் ஏரியலின் நீளத்தை முடிவு செய்வது எளிது.

பகைவன் யார்?

அலை வலிமையோடு வந்தும் கேட்காமற் போவது ஏன்? இரைச்சலே காரணம். அந்த இரைச்சல் வானத்திலிருந்து வருவதைவிட நம் அறையிலிருந்தே மிகுதியாக வருகிறது. எல்.ஈ.டி. விளக்கு, மடிக்கணினியின் சார்ஜர், கைபேசி சார்ஜர், இன்வெர்ட்டர் ஆகியவற்றுக்குள் மின்சாரம் ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி ஒட்டப்படுகிறது. அந்த வெட்டுகள் ஒவ்வொன்றும் சிற்றலை நெடுகிலும் சிதறி இரைகின்றன. நாற்பது அறைகள் கொண்ட விடுதியில் நாற்பது சார்ஜர்களா இருக்கும்? நூற்றுக்குக் குறையாது!

இந்த இடத்தில்தான் நான் வாங்கிய 'பூஸ்டர்' என்னை ஏமாற்றியது. தேர்த்திருவிழாவில் நண்பன் காதோடு பேசுவது கேட்கவில்லை என்று ஒலிபெருக்கியை வைத்தால் என்ன ஆகும்? நண்பன் குரலும் பெருகும், தவிலும் பெருகும். கூட்டத்தைவிட்டு அவனை அப்பால் அழைத்துச் செல்வதே வழி. சிற்றலைக்கும் அதுவே விதி. அலை பெரியதா சிறியதா என்பதன்று கேள்வி. இரைச்சலைவிட எத்தனை மடங்கு பெரியது என்பதே கேள்வி.

ஆகையால் காசு செலவழிக்கும் முன்பு ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு பெட்டியை இரவல் வாங்கி, மின்கம்பி இல்லாமல் பாட்டரியில் மட்டும் ஓடவிடுங்கள். நிலையம் இல்லாத ஓரிடத்தில் முள்ளை நிறுத்திக்கொண்டு விடுதியெங்கும் நடந்து பாருங்கள். எங்கே இரைச்சல் தணிகிறதோ அங்கேதான் உங்கள் ஏரியல் இருக்கவேண்டும். எங்கள் விடுதியில் என் அறையைவிட மாடியின் தென்மேற்கு மூலை எவ்வளவோ அமைதியானது. பிறகு அறைக்குள் ஒவ்வொரு விளக்கையும் சார்ஜரையும் அணைத்து அணைத்துக் குற்றவாளியைக் கண்டுபிடியுங்கள். என் அறையில் குற்றவாளி மேசைவிளக்கு. அதை மாற்றியதற்கு ஆன செலவு எழுபது ரூபாய். அதனால் கிடைத்த பயன், ஆயிரத்து இருநூறு ரூபாய்க் கருவியால் கிடைக்கவில்லை.

எந்தப் பெட்டி?

இன்று விற்கும் சிறிய பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே ஒரே ஒரு சில்லுதான் வேலை செய்கிறது. எஸ்.ஐ.4734, எஸ்.ஐ.4735 போன்ற அச்சில்லுகள், முன்னாளில் கைநிறையப் பாகங்கள் செய்த வேலையைக் கணக்கீட்டினால் செய்துவிடுகின்றன. ஆகவே விலை இருமடங்கானால் செவிக்கு இன்பமும் இருமடங்காகும் என்று எண்ணவேண்டா. பெட்டி வாங்குவோர் கேட்கவேண்டிய கேள்விகள் நான்கே.

ஒன்று: அலையெண்ணை எண்ணாகக் காட்டுகிறதா? முள் ஓடும் பெட்டிகளும் உண்டு. டெக்சன் ஆர்-9012 அத்தகையது. விலை மலிவு, கேட்கவும் நன்று. ஆனால் நிலையத்தை இனங்காண்பதற்கு எண் தெரிவது புதியவருக்குப் பேருதவி.

இரண்டு: வெளி ஏரியல் மாட்டத் துளை உண்டா? டெக்சன் பி.எல்.-330, எக்ஸ்ஹெச்டேட்டா டி-808 இரண்டிலும் உண்டு; பி.எல்.-380-இல் இல்லை. இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது. இழுப்புக் கம்பியில் ஒரு குரோக்கடைல் கிளிப்பை மாட்டிவிடலாம்.

மூன்று: ஒற்றைப் பக்க அலை, அதாவது எஸ்.எஸ்.பி., வாங்குமா? அமெச்சூர் வானொலியாளர் பேச்சைக் கேட்க அது வேண்டும். செய்தியும் இசையும் மட்டும் போதும் என்பவர்க்கு வேண்டியதில்லை. அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

நான்கு: பாட்டரியில் ஓடுமா? சுவர் மின்சாரத்தில் மட்டும் ஓடும் பெட்டி, இரைச்சலுக்கு வாசற்கதவைத் திறந்துவைப்பதாகும்.

பழைய பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் பெட்டிகளையும் இகழவேண்டா. 1918-இல் ஆம்ஸ்ட்ராங் வகுத்த சூப்பர்ஹெட்டிரோடைன் முறையில் அமைந்த பழைய டிரான்சிஸ்டர் பெட்டி, அலைத்தேர்வுச் சுவிட்சும் ஒலிக்குமிழும் சுத்தமாக இருந்தால், இன்றும் நன்கு பேசும். வாங்குமுன் பாட்டரி அறையைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மடிக்கணினி வைத்திருப்பவர்க்கு 'ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர்.' என்ற விரலளவுக் கருவி ஒன்று உண்டு. யு.எஸ்.பி. துளையில் மாட்டினால் அலைவரிசை முழுவதையும் திரையில் கோலம்போல் காட்டும். ஆனால் இதற்குக் கணினி ஓடவேண்டும், கணினியே இரைச்சல். ஆராய்ச்சிக்கு ஏற்றது, நிலவொளியில் சாய்ந்துகொண்டு கேட்பதற்கு ஏற்றதன்று.

காசே இல்லை என்பவரும் வருந்தவேண்டா. நெதர்லாந்தின் துவெந்தே பல்கலைக்கழகம் தன் சிற்றலை வாங்கியை இணையத்தில் எல்லார்க்கும் திறந்துவைத்துள்ளது. அங்கிருந்தபடியே முள்ளைத் திருப்பிக் கேட்கலாம். நிலையம் எப்படி ஒலிக்கும், மங்கல் எப்படி வந்து போகும் என்று செவியைப் பழக்கிக்கொள்ள அது நல்ல பள்ளி. ஆயினும் அது அந்நாட்டு வானம். நம் மாடியின் வானம் அன்று.

எந்தக் கம்பி?

இனிச் சட்டிக்கு வருவோம். மூவகை ஏரியல்களை நானே கட்டிப் பார்த்திருக்கிறேன்.

முதலாவது நெடுங்கம்பி. வீட்டு மின்வேலைக்குப் பயன்படும் சாதாரண உறையிட்ட செப்புக் கம்பி பத்து மீட்டர் போதும். ஒரு முனையைப் பிளாஸ்டிக் கயிற்றால் மாடித்தூணில் கட்டி, மறுமுனையைப் பெட்டிக்குக் கொண்டுவரவேண்டும். சுவரையும் இரும்பையும் விட்டு விலகி, உயரமாக நிற்பது நன்று. மிக நீண்டால் சிறிய பெட்டி திணறிவிடும். அருகிலுள்ள வலிய நிலையங்கள் எல்லா இடத்திலும் முளைத்துக் குழப்பும். அப்பொழுது கம்பியைக் குறையுங்கள். இன்னொரு பத்து மீட்டர்க் கம்பியைத் தரையோடு விரித்துப் பெட்டியின் ஏரியல் துளையின் வெளிவளையத்தில் இணைத்தால் இரைச்சல் இன்னும் தணியும். சுவர் பிளக்கின் 'எர்த்' துளையில் மட்டும் எக்காரணத்தாலும் இணைக்காதீர்கள். ஆபத்து ஒருபுறம், அவ்வழியே வரும் இரைச்சல் மறுபுறம்.

இரண்டாவது இருகை ஏரியல், டைபோல் என்பர். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் முழு நீளம் மீட்டரில் வரும். 31 மீட்டர் வரிசைக்கு ஏறத்தாழ 14.8 மீட்டர், நடுவில் வெட்டினால் ஒவ்வொரு கையும் 7.4 மீட்டர். 25 மீட்டர் வரிசைக்கு மொத்தம் 12.1 மீட்டர். வெட்டிய நடுவிடத்தில் ஒரு கையைக் கேபிளின் நடுநரம்போடும் மறுகையை அதன் வலையோடும் இணைக்கவேண்டும். இங்கே ஏழைக்கு ஒரு நல்வாய்ப்பு: டைபோலின் தடை சுமார் 73 ஓம், தொலைக்காட்சிக் கேபிளின் தடை 75 ஓம். இரண்டும் பொருந்துகின்றன! தெருமுனைக் கேபிள்காரரிடம் மீட்டர் கணக்கில் வாங்கலாம். ஏரியலை அமைதியான மூலையில் வைத்துவிட்டு, உறையிட்ட இக்கேபிள் வழியாக அலையை மட்டும் அறைக்கு இழுத்து வரலாம் என்பது இதன் பெருஞ்சிறப்பு.

மூன்றாவது வளைய ஏரியல். மாடிக்கு அனுமதி கிடையாத விடுதிகளில் இதுவே கதி. தடித்த செப்புக் கம்பியாலோ மெல்லிய செப்புக் குழாயாலோ ஒரு மீட்டர் குறுக்களவுள்ள வட்டம் செய்து, அதன் இரு முனைகளையும் பழைய வானொலியிலிருந்து கழற்றிய 365 பைக்கோஃபாரட் கேங் கண்டென்சரோடு இணையுங்கள். ஏறத்தாழ 5 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரை அது இசையும். உள்ளே இருபது செண்டிமீட்டர் அளவில் ஒரு சிறுவளையம் வைத்து அதைப் பெட்டிக்கு இணைக்கவேண்டும். இவ்வளையத்தின் முகம் எந்தத் திசையை நோக்குகிறதோ அத்திசை அதற்குச் செவிடு. ஆகவே அடுத்த அறைச் சார்ஜரை நோக்கி முகத்தைத் திருப்பிவிட்டால் அவ்விரைச்சல் அடங்கும். வானிலிருந்து சாய்ந்து இறங்கும் அலையோ பெரிதும் குறைவதில்லை. எம்.எல்.ஏ.-30 என்ற ஆயத்த வளையமும் கிடைக்கிறது. அதனுள் பெருக்கி உண்டு; அதற்கு மின்சாரம் தரும் யு.எஸ்.பி. சார்ஜரே இரைச்சல் தராமலிருக்கப் பாட்டரியிலிருந்து ஊட்டுவது நன்று.

எச்சரிக்கை இரண்டு. மின்சாரக் கம்பிகளின் மேலோ அருகிலோ ஏரியலைக் கொண்டுபோகாதீர்கள். அறுந்து விழுந்தாலும் அவற்றைத் தொடாத தொலைவு வேண்டும். சித்திரை, வைகாசியில் இங்கு மாலையில் எழும் 'கால்பைசாகி'ப் புயலை அறிவீர்கள். வானம் கறுக்கத் தொடங்குமுன்பே கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றி வெளியே விட்டுவிடுங்கள். இடி வந்த பிறகு கழற்றப் போகாதீர்கள்.

செலவுக் கணக்கு

பணம் ஆயிரத்துக்குள் என்றால், பழைய பெட்டி ஒன்றும் பத்து மீட்டர்க் கம்பியும். இரண்டு மூவாயிரம் என்றால், எண் காட்டும் சிறுபெட்டியும் டைபோலும். அதற்கு மேலும் இருந்தால் எஸ்.எஸ்.பி. உள்ள பெட்டி. எந்த நிலையிலும் கம்பிக்குரிய முந்நூறு ரூபாயை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்குப் பெட்டி தேடுங்கள். நான் செய்தது தலைகீழ். மாடியில் டைபோல் கட்டிய அன்று, என் அறைத்தோழனின் ஆயிரத்து எண்ணூறு ரூபாய்ப் பெட்டியை அதில் மாட்டினோம். கம்பியில்லாத என் ஒன்பதாயிரத்தை அது எளிதாக வென்றது. நான் சிரித்தேன் என்று சொன்னால் பொய்.

கேட்கும் நேர அட்டவணையைப் பற்றி ஒரு சொல். நிலையங்கள் ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சு இறுதி ஞாயிறன்றும் அக்டோபர் இறுதி ஞாயிறன்றும், தங்கள் அலையெண்களை மாற்றிக்கொள்கின்றன. அட்டவணையில் உள்ள உலக நேரத்தோடு ஐந்தரை மணியைக் கூட்டினால் நம் நேரம். பழைய அட்டவணையை நம்பி வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருக்கவேண்டா.

டைபோல் கட்டிய நான்காம் நாள் மாலை, அத்தகைய அட்டவணை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மெல்லத் திருப்பினேன். ஒரு பெண்குரல் தெளிவாக எழுந்தது. பிழையில்லாத, எழுத்தெழுத்தாக உச்சரித்த ஏட்டுத் தமிழ். ஆனால் நம்மூர்க் குரல் அன்று. சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு! 1963-இல் தொடங்கிய ஒலிபரப்பு அது. சீனர்களே தமிழ் கற்றுப் பேசுவது அதன் தனிச்சிறப்பு. வங்காளத்து மாடி ஒன்றில் ஒரு தஞ்சைக்காரன், சீனப் பெண்மணி ஒருத்தியின் வாயால் "அன்பு நேயர்களே" என்று கேட்டு நின்றேன்.

உடனே அப்பாவைக் கைபேசியில் அழைத்து, ஒன்றும் சொல்லாமல் அதைப் பெட்டியின் அருகே பிடித்தேன். சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "எந்த மீட்டர்?" என்று கேட்டார். சொன்னேன். "சரி, வை" என்றார்.

மறுநாள் அம்மா பேசினாள். அப்பா நாற்காலி போட்டு அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெட்டியை இறக்கினாராம். கொல்லைக் கம்பியில் அம்மா உலர்த்தியிருந்த துணிகளையெல்லாம் எடுக்கச் சொன்னாராம்.

நண்பர்களே, சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு மாடியின் தென்மேற்கு மூலையில் இருப்பேன். பெட்டி இல்லாதவரும் வரலாம். வரும்போது பத்து மீட்டர்க் கம்பி மட்டும் கொண்டு வாருங்கள்.